விரும்பிக் கேட்டவர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கைபேசியில் ஒற்றை விரலால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பரீட்சைத் தாள்களில் நான் பொறுத்துக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்புவாள். ஒரு நாள் கொரியப் பாட்டு, ஒரு நாள் மலையாளம், ஒரு நாள் எந்த மொழி என்றே தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதுவேன். போன வாரம் அவள் கேட்டாள்: "தாத்தா, நீங்க யாரோட ஃபேன்?" "நான் யாருக்கும் ஃபேன் இல்லை கண்ணு, நான் இலங்கை வானொலி நேயர்" என்று பதில் போட்டேன். சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. அவள் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஃபேன் என்ற ஆங்கிலச் சொல் ஃபனாடிக் என்பதன் சுருக்கம் என்று அகராதிகள் சொல்கின்றன. வெறி பிடித்தவர் என்று பொருள். நம்மிடம் ரசிகர் என்ற சொல் இருக்கிறது, அது சுவைப்பவர். வானொலி கேட்பவரை நாம் நேயர் என்கிறோம். நேயம் என்றால் அன்பு. கேட்பவர் என்று சொல்லாமல் அன்புடையவர் என்று சொன்னோமே, அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை, ஒரு சங்கம். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பை ஏற்படுத்தினார். பம்பாயில் கம்பெனி வைத்து ஒலிபரப்பு தொடங்கியது 1927-ல்தான். அதற்கு மூன்று வருஷம் முன்பே நம் ஊரில் ஆசைப்பட்ட சிலர் சேர்ந்து பாட்டை ஆகாயத்தில் விட்டார்கள். பணமுடையால் 1927-ல் சங்கம் ஓய்ந்தது. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930 முதல் நடத்தியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ரேடியோ பெட்டி வாங்க வக்கில்லாதவனும் மணலில் உட்கார்ந்து கேட்டான். 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன.

அதன் பிறகு ஒரு மந்திரி வந்தார். பி.வி.கேஸ்கர், 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். சமஸ்தானங்கள் போனபின் ஆதரவில்லாமல் நின்ற வித்வான்களுக்கு வானொலியில் இடம் கொடுத்தவர் அவர். அந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆனால் சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று நம்பினார். பாட்டு போட்டால் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அது விளம்பரம் என்றது வானொலி. தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையையே திரும்பப் பெற்றார்கள். அரசு வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றுபோனது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பினார்கள்.

கொழும்புக்குப் பக்கத்தில் ஏகலை என்ற இடத்தில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையில் இருந்த தென்கிழக்காசியப் படைகளுக்காகத் திட்டமிட்டது. போர் முடிந்து வெள்ளைக்காரன் போனபின் அது இலங்கை அரசுக்கு வந்து, ரேடியோ சிலோன் ஆனது. சிப்பாய்களுக்காக வைத்த கருவி, இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் சினிமாப் பாட்டு போட்டது. பற்பசைக் கம்பெனியின் விளம்பரத்தில் 1952-ல் இந்தியில் பினாகா கீத்மாலா தொடங்கியது. அமீன் சயானியின் குரலில் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. எந்தப் பாட்டுக்கு எந்த இடம் என்பதைத் தட்டு விற்பனையை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை, ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களையும் கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஜும்ரி தலையா என்ற ஊரைச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிறது. மைக்கா சுரங்கத்து ஊர். அங்கிருந்து பாட்டு கேட்டு வந்த கடிதங்கள் ஏராளம். வானொலியில் அந்தப் பெயர் வராத நாளே இல்லை என்றானதும், அப்படி ஓர் ஊர் நிஜமாக இல்லை, அறிவிப்பாளர்களின் கற்பனை என்று பலர் நினைத்தார்களாம். யார் பெயர் அதிகம் வருகிறது என்று தெருவுக்குத் தெரு போட்டி. அடுத்தவன் கார்டு போய்ச் சேராமலிருக்கத் தபால் ஊழியரைக் கவனித்துக்கொண்டதாகக்கூடக் கதைகள் உண்டு. பாட்டை எழுதியவர் ஊர் இல்லை, பாடியவர் ஊர் இல்லை. கேட்டவர்களாலேயே ஓர் ஊர் பெயர் பெற்றது.

டெல்லிக்கும் புத்தி வந்தது. 1957 அக்டோபர் 3-ந் தேதி விவித் பாரதியைத் தொடங்கினார்கள்.

ஆனால் ராமநாதபுரம் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு டெல்லி ரொம்ப தூரம், கொழும்பு பக்கம். தனுஷ்கோடிக் கரையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவுதான். வேறு ஊர்க்காரர்கள் சிற்றலையில் இரைச்சலோடு மல்லுக்கட்டியபோது எங்களுக்குச் சிலோன் உள்ளூர் நிலையம் மாதிரி கணீரென்று கேட்கும். சென்னையில் பதிவான பாட்டு, தட்டாகக் கப்பலேறிக் கொழும்பு போய், அங்கிருந்து காற்றில் எங்கள் டீக்கடைக்குத் திரும்பி வரும். படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வர ஆறு மாதம் ஆகும். பாட்டு முன்னாலேயே வந்துவிடும். மயில்வாகனன், பின்னால் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று குரல்கள்தான் எங்களுக்குத் தெரியும், முகம் தெரியாது. படம், இசை, பாடலாசிரியர், பாடியவர் எல்லாம் சொல்வார்கள். பாட்டு எழுதியவர் என்று ஒருவர் தனியாக உண்டு என்பதே அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

புதுப்பாட்டு ஒன்று வந்தால் நடப்பது இதுதான். எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு வந்து, "டேய், சிலோன் வைடா, சீக்கிரம்!" என்று கத்துவாள். நாங்கள் ஓடிப்போய் முள்ளைத் திருகுவதற்குள் பாதிப் பாட்டு போயிருக்கும். மீதியைக் கேட்போம். முதல் பாதியை அத்தை பாடிக் காட்டுவாள், ராகம் சரியாக, வார்த்தை தப்பாக. 1976-ல் அன்னக்கிளி பாட்டு எங்கள் தெருவுக்கு வந்தது இப்படித்தான். இளையராஜா என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். நான் கேட்டுவிட்டேன் என்பதில் சுகம் இல்லை. இன்னொருவர் கேட்காமல் விட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு. பேத்தி காலையில் அனுப்பும் பாட்டில் அந்தப் பதைப்பைத்தான் பார்க்கிறேன், அதனால்தான் கொரியப் பாட்டையும் கடைசிவரை கேட்கிறேன்.

நேயர் விருப்பத்துக்கு நாங்கள் பதினான்கு பேர் காசு சேர்த்து ஒரு கார்டு போட்டோம். ஒன்றரை மாதம் காத்திருந்தோம். பாட்டு எங்களுக்கு மனப்பாடம். மைக்செட்டில், கல்யாண வீட்டில், கோவில் கொடையில் நூறு தடவை கேட்டது. ஆனாலும் காத்திருந்தோம். ஒருநாள் மாலை, "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள்" என்று தொடங்கி எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. நான்கு பெயர்களைப் படித்துவிட்டு "மற்றும் நண்பர்கள்" என்று முடித்துவிட்டார். நான் அந்த மற்றும் நண்பர்களில் ஒருவன்.

கேசட் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும். வளைகுடா போனவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரெக்கார்டிங் கடை வந்தது, பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கிடைக்கும். சட்டப்படி அது குற்றம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று உங்கள் டீச்சரம்மாவும் நானும் போட்ட சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் கேசட் வந்ததும் ஒன்று போனது. என் பாட்டு என் பெட்டிக்குள் வந்துவிட்டது. யார் கேட்டார்கள் என்ற பட்டியல் இல்லை.

அந்தப் பட்டியலைப் பற்றித்தான் மீதியைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகச் சொல்லாதது.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டுக்குள் மண்டபம் முகாம் நிரம்பியது. 1985-ல் என் ஒன்பதாம் வகுப்பில் மன்னார் பக்கத்திலிருந்து படகில் வந்த பையன் ஒருவன் இருந்தான். பெயரைப் பொதுவில் சொல்ல மாட்டேன். கடைசி பெஞ்சு, அதிகம் பேச மாட்டான். நான் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தபோது குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். போய்ப் பிடுங்கினேன். அட்டை கிழிந்த நோட்டு, பக்கம் பூராவும் சினிமாப் பாட்டு. "இதை எழுதத்தான் கடல் தாண்டி வந்தியா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. "வருஷக் கடைசியில் வந்து வாங்கிக்கோ" என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். வருஷக் கடைசிக்கு முன்பே அந்தக் குடும்பம் முகாமைவிட்டுப் போய்விட்டது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாற்றல் வந்து பீரோவைக் காலி செய்தபோதுதான் அந்த நோட்டைத் திறந்து படித்தேன்.

1979-ல் தொடங்குகிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். தேதி, நிகழ்ச்சி, பாட்டு, படம், இசை, எழுதியவர், பாடியவர், அறிவிப்பாளர். கடைசிக் கட்டத்தில் விரும்பிக் கேட்டவர்கள், ஊரோடு. முதல் முப்பது பக்கம் பெரியவர் ஒருவரின் கையெழுத்து, பெண் கையெழுத்து என்று நினைக்கிறேன். பிறகு சிறுபிள்ளைக் கையெழுத்து. 1981-ல் ஒரு பெயரின் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. ஊர் பேசாலை, பெண் பெயர். 1983 ஜூலைக்குப் பிறகு பல மாதங்களுக்கு எதுவும் இல்லை. அப்புறம் மறுபடி தொடங்குகிறது, இப்போது சிறுபிள்ளைக் கையெழுத்து மட்டும். பாட்டு, படம், இசை என்ற கட்டங்கள் பெரும்பாலும் காலி. கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பியிருக்கிறான். அதுவும் எல்லா ஊரும் இல்லை. மன்னார், தலைமன்னார், பேசாலை, முருங்கன், இவ்வளவுதான். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி அடையாளம்.

பாட்டு கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால் அந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நான் புரிந்துகொண்டது அதுதான்.

முதன்மைச் சான்று என்றால் என்ன, இரண்டாம் நிலைச் சான்று என்றால் என்ன என்று உங்களுக்கெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னவன் நான். கையில் ஒன்று கிடைத்தபோது பிடுங்கிப் பூட்டிவைத்தேன்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். நோட்டின் பக்கத்தைப் படமெடுத்துப் போடலாம், யாராவது அடையாளம் காண்பார்கள் என்றாள். வேண்டாம் என்றேன். அதில் இருக்கும் பெயர்களுக்கு உரியவர்கள் எங்கே எப்படி இருக்கிறார்களோ, அவர்களைக் கேட்காமல் போட எனக்கு உரிமை இல்லை.

ஆகவே 1985 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே, உங்களில் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால், அல்லது கனடாவிலோ லண்டனிலோ திருச்சி முகாமிலோ பார்த்ததாக நினைவிருந்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். இப்போது ஐம்பத்தைந்து வயதை நெருங்கியிருப்பான். நோட்டு பத்திரமாக இருக்கிறது, பூச்சி அரிக்கவில்லை, வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். எங்கே இருந்தாலும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன், தூரமாக இருந்தால் தபாலில் அனுப்புகிறேன். வேறு யாராவது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: முதல் பக்கம், முதல் வரியில் எந்தப் படத்துப் பாட்டு? அவனுக்கு அது மறந்திருக்காது.