குழாய் வந்த பிறகு ஏரி யாருக்கு? தருமபுரி நகரத் திட்டமிடலும் இயற்கை சார்ந்த தீர்வுகளும்

தருமபுரி நகரம் குடிப்பது காவிரித் தண்ணீர். அதன் தெருக்களில் விழும் மழை ஓடுவதோ தென்பெண்ணைப் பக்கம். ஜப்பானியக் கடனுதவியில் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் தேவையை மறுக்க முடியாது. பாறை இடுக்குகளில் ஊறும் நிலத்தடி நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஊர்கள் இம்மாவட்டத்தில் பல. பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக வாழ்ந்த தலைமுறை இங்கே உண்டு. ஆனால் குழாயில் தண்ணீர் வந்ததும், ஏரி நிரம்பினால்தான் கிணறு ஊறும் என்ற பழைய கணக்கு நகரவாசிக்குத் தேவையில்லாமல் போயிற்று. இயற்கை சார்ந்த தீர்வுகள் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதில்லை.

2022 மார்ச்சில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை அத்தீர்வுகளுக்கு வரையறை தந்தது. சூழலமைப்புகளைக் காப்பதும் மீட்பதும் சமூகத் தேவைகளுக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் சாரம். உள்ளாட்சி அலுவலகத்தில் இது எஸ்டிமேட்டாக மாறும்போது என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். கரைமேல் நடைபாதை, கம்பி வேலி, விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை. எல்லாம் அளவுப் புத்தகத்தில் ஏறும் வேலைகள். பில் போடலாம், திறப்பு விழா நடத்தலாம். மேலே ஒரு கிலோமீட்டர் தள்ளி மனைப்பிரிவுக்காகத் தூர்ந்துபோன வரத்துக்கால்வாயை மீட்பதற்கு அப்படி ஒரு விழா கிடையாது. கோவை மாநகராட்சி பொதுப்பணித் துறையிடமிருந்து குளங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, ஸ்மார்ட் சிட்டி நிதியில் உக்கடம் பெரியகுளக் கரையை எழிலாக்கியது. கழிவுநீர் வரத்து என்ற சிக்கல் கரை அழகால் தீரவில்லை.

குளறுபடியின் வேர் உடைமையில் இருக்கிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேலான ஏரி நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில். ஆக்கிரமிப்பு அகற்ற வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டமோ பொதுப்பணித் துறையின், அதாவது இன்றைய நீர்வளத் துறையின், பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கு மட்டும். நகரத் திட்டமிடல் பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இனம் என்றாலும், முழுமைத் திட்டம் வரையும் கை நகர் ஊரமைப்பு இயக்ககத்தினுடையது. தருமபுரியின் ராமக்காள் ஏரியோ இலக்கியம்பட்டி ஏரியோ, எதன் தண்ணீரும் வார்டு எல்லை பார்த்து வருவதில்லை. சுற்று ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்த்துவிட்டால் சரியாகும் என்பார் உண்டு. எல்லை விரியும், சொத்து வரி கூடும். ஓடை எவர் பதிவேட்டில் இருக்கிறதோ அங்கேயேதான் இருக்கும்.

நகராட்சியின் கையில் ஒன்றுமே இல்லை என்பதல்ல. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காட்டு நிலம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக வந்தாக வேண்டும். எந்த மூலை தருவது என்பதில்தான் சூட்சுமம். மனையாக விலைபோகாத கோணல் துண்டையே தள்ளிவிடப் பார்ப்பார்கள். அனுமதி கொடுக்கும்போதே, அந்தப் பங்கு நிலத்தின் தாழ்வான பக்கத்தில், ஓடையை ஒட்டி வர வேண்டும் என்று வற்புறுத்தினால், அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் திறந்தவெளிகள் சேர்ந்து ஒரு வரத்துக்கால்வாயின் இருகரையாகும். அதற்குக் கோடிகள் வேண்டாம். புல எண் வாரியாக நீர்வழி வரைபடம் ஒன்று அனுமதிப் பிரிவின் மேசையில் இருந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு, இது கசப்பானது. ஏரி ஊறவைக்கும் மழைநீர் கிணற்றுப் புளோரைடை நீர்த்துப்போகச் செய்யக்கூடும் என்பது மீட்புக்கு ஆதரவான வலுவான வாதம். ஆனால் சாக்கடை கலந்த ஏரி நிரம்பினால், புளோரைடு இறங்கும் கிணற்றில் நைட்ரேட் ஏறக்கூடும். எனவே ஏரிக்கரைக்குக் கீழுள்ள கிணறுகளில் நீர்மட்டத்தோடு இவ்விரண்டையும் மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, அந்த எண்களை நகர்மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும். நடைபாதைக்கான அடுத்த எஸ்டிமேட் அதற்குப் பிறகு வரட்டும்.