குருதி எழுதிவைத்த கணக்கு

1987ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆம் திகதி. பிறேசில் நாட்டின் கொயானியா நகரில் கைவிடப்பட்டுக் கிடந்த தனியார் கதிர்ச்சிகிச்சை நிலையம் ஒன்றினுள் இருவர் நுழைந்தனர். பழைய உலோகங்களைப் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள் அவர்கள். அங்கிருந்த இயந்திரத்தின் பாரமான தலைப்பகுதியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுசென்று உடைத்தனர். சில நாட்களின் பின் அது பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவருக்கு விலைபோனது. இரவில் அதிலிருந்து நீல ஒளி கசிவதைக் கண்ட கடைக்காரர் அதிசயித்தார். உள்ளிருந்த தூளை உறவினரும் நண்பரும் அள்ளிச் சென்றனர். சிலர் அதை உடலிலும் பூசிக்கொண்டனர்.

அந்தத் தூள் சீசியம்-137. நூறு கிராமுக்கும் குறைந்த எடைதான். ஆனால் அதன் கதிர்த்தொழிற்பாடு 1,375 கியூரி.

வாந்தியும் வயிற்றோட்டமும் தோலில் எரிகாயங்களுமாக வந்தவர்களைப் பார்த்த வைத்தியர்கள், உணவு ஒவ்வாமை என்றும் வெப்பமண்டல நோய் என்றும் கருதினர். இந்தப் பொருளே காரணம் என்று முதலில் ஐயுற்றவர் ஒரு வைத்தியரோ விஞ்ஞானியோ அல்ல, கடைக்காரரின் மனைவியே. செப்ரெம்பர் 28ஆம் திகதி அதன் எச்சத்தைப் பையொன்றில் இட்டு, பஸ்ஸில் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் பௌதிகவியலாளர் ஒருவர் உண்மையை உறுதிசெய்தார்.

அதன் பின்னர் எழுந்த கேள்விதான் இக்கட்டுரையின் பொருள். யார் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கினார்கள்? அணு உலையில் வேலை செய்பவரின் சட்டையில் கதிரளவைப் பதியும் வில்லை இருக்கும். பழைய இரும்பு பொறுக்குபவரின் சட்டையில் எதுவும் இல்லை. எப்போது தொட்டாய், எவ்வளவு நேரம் அருகில் இருந்தாய் என்று கேட்டால் நோயாளியின் நினைவு தடுமாறும். ஆனால் யாரை உடனடியாகத் தீவிர சிகிச்சைக்கு உட்படுத்துவது என்பதை முடிவுசெய்ய ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை அவர்களது குருதியிலிருந்தே பெற்றார்கள்.

இந்த வழி ஒரே நாளில் பிறந்ததன்று. எக்ஸ் கதிர்கள் பழ ஈக்களில் பரம்பரை மாற்றங்களை உண்டாக்கும் என்பதை ஹேர்மன் மல்லர் 1927இல் நிறுவினார். அதற்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார். கதிர்பட்ட தாவரக் கலங்களில் நிறமூர்த்தங்கள் உடைவதை 1938இல் கார்ல் சாக்ஸ் விபரித்தார். ஆயினும் மனிதக் கலத்தில் 48 அல்ல, 46 நிறமூர்த்தங்களே உள்ளன என்பதே 1956இல்தான் தெளிவாகியது. அதை வெளியிட்டவர்கள் ஜோ ஹின் ஜியோவும் அல்பேட் லெவானும். 1960இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பீற்றர் நோவெல் இன்னொரு கதவைத் திறந்தார். அவரை இனத்து விதையொன்றிலிருந்து எடுக்கப்படும் பொருள், குழாயில் உள்ள வெண்குருதிக் கலங்களைப் பிரிவடையத் தூண்டுகிறது என்று கண்டார். அதன்பின் நிறமூர்த்தங்களைப் பார்ப்பதற்குச் சில துளி குருதியே போதுமாயிற்று.

செய்முறை இதுதான். குருதியை ஏறத்தாழ 48 மணித்தியாலம் வளர்ப்பூடகத்தில் வைத்திருப்பர். கலங்கள் பிரியும் தறுவாயில் கொல்சிசின் வகைப் பொருளொன்றைச் சேர்த்து அவற்றை அந்நிலையிலேயே நிறுத்துவர். (நமது கார்த்திகைப்பூக் கிழங்கின் நஞ்சும் இந்தக் கொல்சிசினே.) பின்னர் சாயமிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பர். சாதாரண நிறமூர்த்தத்துக்கு ஒரு மையம் மட்டுமே இருக்கும். கதிர்பட்டு உடைந்த இரண்டு தவறாக ஒட்டிக்கொண்டால் இரு மையங்கள் கொண்ட ஒன்று தோன்றும். கதிர்படாத மனிதரில் இத்தகையது சுமார் ஆயிரம் கலங்களுக்கு ஒன்றுதான். கதிரளவு கூடக்கூட அதன் தொகையும் கூடும். முன்னரே குழாயில் அளவறிந்து கதிர்பாய்ச்சிய குருதியோடு ஒப்பிட்டால் வாங்கிய அளவு தெரியும்.

1962 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹான்போர்ட் அணுநிலையத்தில் நேர்ந்த விபத்தில் அகப்பட்டவர்களின் குருதியை பெண்டர், கூச் ஆகிய இருவரும் இவ்விதம் ஆராய்ந்தனர். 1986இல் சர்வதேச அணுசக்தி முகவரகம் இதற்கான கைநூலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே கொயானியா.

அங்கு 129 பேரின் குருதியை அட்ரியானா ரமாலோவும் சகாக்களும் ஆராய்ந்தனர். 21 பேர் 1 கிரேக்கு மேலும், அவர்களுள் எட்டுப் பேர் 4 கிரேக்கு மேலும் கதிர் வாங்கியிருந்தனர். பஸ்ஸில் பையோடு சென்ற அந்தப் பெண்ணுக்கு 5.7 கிரே. தூளோடு விளையாடிய ஆறு வயதுச் சிறுமிக்கு 6 கிரே. இருவரும் ஒக்ரோபர் 23ஆம் திகதி இறந்தனர். கடையின் ஊழியர்கள் இருவரும் அதே மாதத்தில் மாண்டனர். ஆனால் 7 கிரே வாங்கிய கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். அவர் அடிக்கடி வெளியே சென்றுவந்ததால் அதே கதிர் தவணை தவணையாக அவரைத் தாக்கியது என்பது ஆய்வாளரின் விளக்கம். எண் வைத்தியருக்கு வழிகாட்டும். அது தலைவிதி அல்ல.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஏறத்தாழ 0.1 கிரேக்குக் குறைந்தால் இது தடுமாறும். மிகை அளவில் கலங்கள் பிரிவதே இல்லை. 1999இல் யப்பானின் ரொக்காய்முரா விபத்தின்போது, பிரிவடையாத கலங்களின் நிறமூர்த்தங்களைச் செயற்கையாகச் சுருங்கவைத்துப் பார்க்கும் வேறு முறை தேவைப்பட்டது. மேலும் இரு மையச் சாட்சியம் ஆண்டுகள் செல்லச்செல்லக் குருதியிலிருந்து மறையும். பழைய கணக்கைத் தேடுவோர், நெடுங்காலம் நிலைக்கும் இடமாற்றங்களை ஒளிரும் சாயங்களால் தேடுகின்றனர்.

கொயானியாவில் ஒரு லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டரங்கில் வரிசையில் நின்று பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரில் மட்டுமே மாசு காணப்பட்டது. ஆனால் அச்சம் அந்த எண்ணோடு நிற்கவில்லை. சிறுமியின் சவப்பெட்டி அடக்கத்துக்கு வந்தபோது மக்கள் கல்லெறிந்தனர். நகரை விட்டு வெளியே செல்பவர்கள் தமக்கு மாசில்லை என்ற சான்றிதழைக் கையில் கொண்டு திரிந்தனர்.

அரைநூற்றாண்டுக் காலம் ஈக்களிலும் பூஞ்செடிகளிலும் தேடிய அறிவு, ஒரு குடும்பத்தின் குருதியைச் சரியாகவே வாசித்தது. ஆனால் அந்த இயந்திரம் கேட்பாரற்றுக் கிடந்த நாட்களில் அதைப் பற்றி யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. அலுவலகங்கள் எழுதாமல் விட்ட பதிவை ஏழைகளின் உடல் எழுதிவைத்திருந்தது. அதை வாசிக்க முடிந்தது விஞ்ஞானத்தின் பெருமை. அவர்களது உடலில் அது எழுதப்பட நேர்ந்தது நமது வெட்கம்.