ஏம்பலம் கோயிலின் இன்னொரு வாசல்

புதுச்சேரி என்றதும் நம்மவர்களுக்குக் கடற்கரையும் பிரெஞ்சுத் தெருக்களுந்தான் நினைவுக்கு வரும். வில்லியனூரைத் தாண்டி நெட்டப்பாக்கம் பக்கம் போகிறவர்கள் குறைவு. போனால் ஒரு வேடிக்கை காணலாம். கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடியும் புதுச்சேரி என்று எல்லைப் பலகைகள் மாறி மாறி வரும். பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் செய்துகொண்ட பாகப்பிரிவினை அப்படி!

சரித்திரத்துக்குக் குறைவில்லாத பிரதேசம் இது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து 1954-ல் நெட்டப்பாக்கத்தில் தேசியக்கொடி ஏறியது. அதே வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூருக்கு அப்பாலுள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் எட்டுப் பேர். ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு எண்ணிக்கையைப் பற்றியது.

விஞ்ஞானிகளின் உலகத்தில் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. ஒருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏற ஏற மதிப்பும் ஏறும்; உத்தியோகமும் ஏறும். மேற்கோள் நமக்குப் புதிதல்ல. தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்களும் தொகுப்பாசிரியர்களும் எடுத்துக்காட்டிய சில பாட்டுக்களால்தான் அதன் பெயர் பிழைத்திருக்கிறது. ஆனால் நச்சினார்க்கினியர் யாரை எத்தனை தடவை காட்டினார் என்று எண்ணி அதற்கேற்பச் சம்பளம் நிர்ணயிக்க நம் முன்னோர்களுக்குத் தோன்றவில்லை. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டுக்கு 1955-ல் ஒரு யோசனை தோன்றியது. பழைய தீர்ப்புகள் பின்னால் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாளப்பட்டன என்று காட்டும் புத்தகம் அந்நாட்டு வக்கீல்களிடம் இருந்தது. விஞ்ஞானத்துக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்ன என்று கேட்டார். 1964-ல் அவருடைய மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. கட்டுரைகளைத் தேடிப் பிடிக்கத்தான் அதைச் செய்தார். ஆட்களை நிறுத்துப் பார்க்கும் தராசாக அது மாறியது பிறகு நடந்த கதை. எழுத்தாளனுக்கும் இந்த வியாதி உண்டு. தொடர்கதை வெளிவரும் வாரங்களில் வாசகர் கடிதங்களை எண்ணிப் பார்க்காமல் நான் தூங்கப் போனதில்லை.

இந்தக் கணக்கில் கைதேர்ந்த தமிழர் ஒருவர் உண்டு: சுப்பையா அருணாசலம். விஞ்ஞானப் பத்திரிகைகளின் ஆசிரியராக இருந்தவர். இந்தியாவில் எந்த நோய்க்கு எவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது என்று கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சி நமக்கு எவ்வளவு பொருத்தமானது என்று 1997-ல் ‘கரண்ட் சயன்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். 2002-ல் காசநோய், நீரிழிவு இரண்டையும் எடுத்துக்கொண்டார். உலகத்து நோயாளிகளில் நம் பங்கு பெரிது. அந்நோய்களைப் பற்றிய கட்டுரைகளில் நம் பங்கு சிறிது. தராசு என்னவோ ஒன்றுதான். மற்றவர்கள் அதில் மனிதர்களை வைத்து நிறுத்தார்கள்; இவர் தேசத்தின் மனச்சாட்சியை வைத்தார்.

இவர் பிறகு சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் 1998-ல், கானடா நாட்டு உதவியுடன், புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு கம்ப்யூட்டர் வலையை விரித்தது. முன்னின்று நடத்தியவர் வி. பாலாஜி. வில்லியனூர் அதற்கு மையம். டெலிபோன் கம்பி உதவிய இடத்தில் கம்பி. உதவாத இடத்தில் இருவழி ரேடியோ. மின்சாரம் கண்ணாமூச்சி ஆடினால் சூரிய வெளிச்சம். கம்ப்யூட்டரை நிறுவனம் கொடுக்கும். இடத்தை ஊர் கொடுக்க வேண்டும். நிபந்தனை ஒன்று: எந்த ஜாதியாரும் உள்ளே வரலாம்.

நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏம்பலத்தில் இடம் கொடுத்தது கோயில். அந்தச் செய்தியை 2000-ம் வருஷம் மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. நம்மூர்ச் சங்கதியை நியூயார்க் வழியாகத் தெரிந்துகொள்வது நமக்கு வழக்கமாகிவிட்ட பாக்கியம். அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல். ஒன்று சன்னிதிக்குப் போவது. ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாதியாரும் வீட்டுக்கு விலக்கான பெண்களும் அந்தப் படியை மிதிக்கக்கூடாது. மற்றொன்று கம்ப்யூட்டர் அறைக்குப் போவது. அதில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அம்பாள் ஒருத்திதான்; கூரையும் ஒன்றுதான். நிபந்தனை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருப்பார்களா, தெரியவில்லை.

அதே பத்திரிகை கீழூரில் நடந்த ஒன்றையும் சொல்லியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாள். வீட்டில் இருந்தது ஒரே கறவை மாடு. அது ஐந்து நாள் ஈன முடியாமல் கதறிக்கொண்டிருந்தது. அறையில் இருந்தவர்கள் கம்ப்யூட்டரைத் தட்டிச் சுற்றுவட்டார மாட்டு டாக்டர்களின் பட்டியலை எடுத்தார்கள். அன்றிரவே ஒரு டாக்டர் வந்தார். வெறும் பல்பு வெளிச்சத்தில் கன்றின் காலில் கயிற்றைக் கட்டி இழுத்து வெளியே எடுத்தார்.

அருணாசலம் இந்த அநுபவத்தை வைத்து 2002-ல் எழுதிய கட்டுரை இங்கிலாந்திலிருந்து வரும் ஒரு தகவல் விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சாயிற்று. அதைப் பிறர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்; அந்தத் தொகையை யாரும் பார்த்துக்கொள்ளலாம். கீழூர் அம்மாள் எந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பிலும் கார்ஃபீல்டை எடுத்துக்காட்டப் போவதில்லை. டாக்டர்களின் பட்டியலால் அவளுக்கு ஆகவேண்டியது அன்றிரவே ஆகிவிட்டது.

கடலோரத்தில் வேறு விதமான தேவை. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலையின் உயரம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணித்து இணையத்தில் போட்டதை வில்லியனூரில் எடுத்துத் தமிழாக்கி அனுப்பினார்கள். ஊர் ஒலிபெருக்கி அதைத் தினந்தோறும் சொல்லிற்று. பக்கத்து நல்லவாட்டிலும் அப்படி ஒரு நிலையம் வந்தது.

2004 டிசம்பர் 26-ந் தேதி காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாட்டுப் பிள்ளை ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். வீட்டார் ஊராரிடம் ஓடினார்கள். நிலையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்தினார்கள். ஊர் முழுவதும் மேற்கே ஓடியது. தண்ணீர் வந்தபோது கரையில் வீடுகளும் படகுகளும் இருந்தன, மனிதர்கள் இல்லை.