பெட்டியும் தெருவும்: கயத்தாற்றுப் பக்கத்து ஓட்டு குறித்துச் சில குறிப்புகள்

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டபோது, மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களையும் அங்கே கூட்டி வைத்திருந்தான். தண்டனை ஒருவனுக்கு, நின்று பார்க்க வேண்டியது எல்லோரும். விசுவாசம் மனசுக்குள் இருந்தால் போதாது, வெள்ளைக்காரன் கண்ணுக்கு முன்னால் நின்று காட்டியாக வேண்டும். பிறகு அந்தப் புளியமரத்தடியில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டு ஒரு குவியலே சேர்ந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. எந்தக் கல்லை யார் போட்டது என்று எந்தத் துரையாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

ரகசிய ஓட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கற்குவியல்தான் நினைவுக்கு வருகிறது. (வீர வரலாறு எழுதுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாளையத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு என்ன இடம் இருந்தது என்பது தனியே பேசப்பட வேண்டிய விஷயம்.)

நம் பக்கத்தில் ஓட்டு என்றால் பெட்டிதான். 1937 தேர்தலில் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. அன்று சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கே பெரும்பாலும் ஓட்டு. கரிசலில் பருத்தி எடுத்த பெண்ணுக்கு அந்தப் பெட்டியின் நிறம் எதுவானால் என்ன? 1952இல் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. அப்போதும் 1957இலும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் சின்னம். ஒற்றைச் சீட்டில் முத்திரை குத்துவது 1962 பொதுத்தேர்தலில்தான் வழக்கமாயிற்று. 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மிஷின் வந்தது. பெட்டி போய்விட்டது, ஆனால் டீக்கடையில் இன்றும் கேட்பது, ‘எங்க ஊரு பெட்டியில எவ்வளவு விழுந்துச்சு?’ என்றுதான். இந்தக் கேள்விக்குள் ஒரு அதிகாரம் ஒளிந்திருக்கிறது.

கயத்தாறு இன்று கோவில்பட்டித் தொகுதிக்குள் வருகிறது. மானாவாரி விவசாயமும் தீப்பெட்டி ஆபீசும் பஞ்சாலையும் உள்ள அந்தத் தொகுதி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ். அழகர்சாமியை 1967இலிருந்து 1989க்குள் ஐந்து முறை சட்டசபைக்கு அனுப்பியது. 1967இல் அக்கட்சி மாநிலம் முழுக்க வென்றதே இரண்டு இடம். அதில் ஒன்று இது. 2001வரை அங்கே சிவப்புக்கு வெற்றி கிடைத்தது. 2006, 2011, 2016, 2021 நான்கிலும் அ.தி.மு.க. தோழர்கள் இதை வர்க்க உணர்வு மங்கிய கதையாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. அந்த வர்க்கம் எந்தத் தெருவில் குடியிருந்தது என்று நாம் கேட்காமல் விட்டோம் என்பது மீதிப் பாதி.

கேட்க வைத்தது கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31இல் சுமார் 600 போலீசார் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளையும் சாமான்களையும் நொறுக்கினார்கள்; குடிக்கிற கிணற்றிலும் விஷம் கலந்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். அடித்தது எந்தத் தனிமனிதனையும் அல்ல, ஒரு ஊரை. அடுத்த ஆண்டு ஓட்டப்பிடாரம் தனித்தொகுதியில் டாக்டர் க. கிருஷ்ணசாமி, இரு கழகங்களுக்கும் வெளியே நின்று ஜெயித்தார். அடிபட்ட தெருக்கள் ஒன்றாக ஓட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்று அன்று தெரிந்தது. தெரிந்துகொண்டவர்களில் எதிராளிகளும் உண்டு.

இங்கேதான் எண்ணும் முறை முக்கியமாகிறது. ஓட்டர் மிரட்டப்படுவார், பழிவாங்கப்படுவார் என்று தேர்தல் ஆணையம் அஞ்சும் தொகுதிகளில், எல்லாப் பெட்டிச் சீட்டுகளையும் கலந்து எண்ண விதி 59ஏ இடம் தந்தது. கற்குவியல் மாதிரி. மிஷினில் கலக்க வழியில்லை. ஒவ்வொரு சாவடியின் கணக்கும் படிவம் 20இல் தனித்தனியாக வந்துவிடுகிறது. ஒரு சாவடிக்கு ஆயிரம் சொச்சம் ஓட்டு. தலித் மக்கள் பயமில்லாமல் போய்வரட்டும் என்று அவர்கள் தெருவிலேயே சாவடி வைத்த ஊர்களில் நிலைமை இன்னும் விசித்திரம்: போகும்போது பாதுகாப்பு, எண்ணும்போது அம்மணம்.

2016இல் ஓட்டப்பிடாரத்தில் கிருஷ்ணசாமி தோற்றது 493 ஓட்டில். அதே தேர்தலில் கோவில்பட்டியின் வித்தியாசம் 428. ஒரே ஒரு தெரு மனசு மாறினால் கவிழக்கூடிய கணக்கு. அந்தத் தெரு எதுவென்று காட்டுகிற காகிதம் எல்லார் கையிலும் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராததற்கும் ரோடு தெருமுனையோடு நின்றுபோவதற்கும் யாரும் காரணம் எழுதிக் கொடுப்பதில்லை.

14 சாவடி மிஷின்களை இணைத்து மொத்தமாக எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியை 2008இல் ஆணையமே கேட்டது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எங்கே ஆதரவு குறைந்தது என்று தெரிந்தால் அங்கே கூடுதலாக உழைக்கலாமே என்பது சொல்லப்பட்ட நியாயம். பிரிட்டனில் ஒரு பெட்டிச் சீட்டை இன்னொரு பெட்டியோடு கலந்துதான் எண்ணுகிறார்கள். பானர்மேனின் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கிற மறைப்பு நம்மூர்த் தெருவுக்கு இல்லை.

சட்டம் ‘ரகசியம்’ என்று சொல்லும்போது தனிமனிதனை நினைத்துக்கொள்கிறது. இங்கே பழிவாங்கல் தனிமனிதனைத் தேடி வருவதில்லை, தெருவைத் தேடி வருகிறது. நாமும் சளைத்தவர்கள் அல்ல. ‘பள்ளர் ஓட்டு’, ‘தேவர் ஓட்டு’, ‘நாயக்கர் ஓட்டு’ என்று கட்டம் போட்டு எழுதும் ஆய்வுகள் அதே படிவம் 20ஐத்தான் படிக்கின்றன. புருஷன் சொன்ன சின்னத்துக்குப் போடாமல் வந்த ஒருத்தி அந்தக் கட்டத்தில் எங்கே இருக்கிறாள்? பெட்டி மொத்தமும் ஒரு பக்கம் விழுந்தது என்று நாம் எழுதிய பிறகு, மாற்றிப் போட்ட நாற்பது பேருக்கும் சேர்த்துத்தான் அடி.

ஊராட்சித் தேர்தலில் இன்னும் சீட்டும் முத்திரையும்தான். ஆனால் ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டு. கலப்பதற்கு அங்கே இன்னொரு பெட்டியே கிடையாது.