உறுப்பிலிருந்து மருத்துவமனைக்கு: ஜப்பானிய மங்காவில் மருத்துவத் துல்லியத்தின் வளர்ச்சி

படக்கதையில் வரும் மருத்துவக் காட்சி சரியா, தவறா என்ற விவாதம் பெரும்பாலும் எலும்பு, நரம்பு, தையல் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் உறுப்புகளைப் பிசகின்றி வரைந்த கதை நோயாளிகளுக்குத் தீங்கு செய்யக்கூடும். நடக்கவே முடியாத சிகிச்சையைச் சொன்ன கதை எவரையும் பாதிக்காமல் போகக்கூடும். ஜப்பானிய மருத்துவ மங்காவின் வரலாறு இதற்குச் சான்று. அங்கே துல்லியம் என்பது உடற்கூறு அறிவாகத் தொடங்கி, நோயாளிக்குப் பதில் சொல்லும் பொறுப்பாக வளர்ந்தது.

தொடக்கம் ஒசாமு தெசுகாவிடம் (1928–1989). ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும்போதே படக்கதை வரைந்தவர். மருத்துவராகத் தகுதி பெற்றும் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார். 1961-இல் நத்தையின் விந்தணுக்களை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1973-இல் ஒரு சிறுவர் வார இதழில் அவர் தொடங்கிய ‘பிளாக் ஜாக்’, உரிமம் இல்லாத அறுவை மருத்துவர் ஒருவரின் கதை. அதில் மனித முகங்கள் கேலிச்சித்திர பாணியில் இருக்கும். திறந்த வயிறும் இதயமும் மட்டும் பாடநூல் படத்தின் நுணுக்கத்தோடு இருக்கும்.

அதே தொடரில்தான் பினோகோ என்ற சிறுமி வருகிறாள். இரட்டைச் சகோதரியின் உடலுக்குள் கட்டியாக இருந்த உறுப்புகளை எடுத்து, செயற்கை உடலில் பொருத்தி நாயகன் அவளை உருவாக்குகிறான். டெரட்டோமா வகைக் கட்டிகளில் முடியும் பல்லும் எலும்பும் காணப்படுவது உண்மை. அதிலிருந்து சிந்தித்துப் பேசும் சிறுமி எழுவது முழுக் கற்பனை. வாசகர்களும் அதைக் கற்பனையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. 1977-இன் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு கதையில், பெருமூளை வாதம் உள்ள சிறுவனுக்கு லோபாட்டமி அறுவை நல்ல தீர்வாகக் காட்டப்பட்டது. மூளையின் முன்பகுதி இணைப்புகளை வெட்டும் அந்த முறை பலரை ஆளுமை இழக்கச் செய்திருந்தது. மன மருத்துவத்தில் அத்தகைய மூளை அறுவையை ஏற்பதில்லை என்று ஜப்பானிய மனநல மருத்துவர்களின் சங்கம் 1975-லேயே தீர்மானித்திருந்தது. மாற்றுத்திறனாளிகள் தரப்பில் கடும் எதிர்ப்பு எழ, ஆசிரியரும் பதிப்பகமும் நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்டனர். கதை பின்னர் திருத்தப்பட்டது. பினோகோவைவிட இந்தக் கதை நம்பத்தக்கதாக இருந்தது. உண்மையில் செய்யப்பட்டு வந்த ஓர் அறுவைக்கு அது நற்சான்று கொடுத்ததால்தான் ஆபத்தும் கூடியது.

2002-இல் தொடங்கிய இரு தொடர்கள் அடுத்த கட்டத்தைக் காட்டுகின்றன. மருத்துவரும் இதழாளருமான அகிரா நாகாயின் கருவைக் கொண்டு தாரோ நொகிசாகா வரைந்தது ‘மருத்துவ டிராகன் அணி’. விரிந்து தளர்ந்த இடது இதயக் கீழறையின் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கும் பட்டிஸ்டா அறுவை அதன் மையம். அறுவையின் படிநிலைகளோடு, மயக்க மருந்து வல்லுநர், உதவி அறுவையர், செவிலியர் என ஒவ்வொருவரின் வேலையும், பேராசிரியர் பதவிக்கான போட்டியும் அதில் விவரமாக இடம்பெற்றன. ஷூஹோ சாத்தோவின் ‘பிளாக் ஜாக்குக்கு வணக்கம்’ தெசுகாவின் மேதைக்கு நேர் எதிராக, அற்ப ஊதியத்தில் இரவுப் பணியும் பார்க்கும் பயிற்சி மருத்துவரை நாயகனாக்கியது. டவுன் நோய்க்குறியுடன் பிறந்த குழந்தைக்கு அறுவை வேண்டாமென்று பெற்றோர் மறுப்பதும், மனநோயாளிகளைப் பற்றி ஊடகங்கள் பரப்பும் அச்சமும் அதில் கதைப்பொருள்களாயின. இங்கே சரிபார்க்க வேண்டியவை பணிநேரம், ஒப்புதல், செலவு, அதிகாரம்.

2010-களில் யூ சுசுனோகி வரைந்த ‘கோனோதோரி’ மகப்பேறு மருத்துவத்தை எடுத்துக்கொண்டு, கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா குழந்தையை எப்படித் தாக்கும் என்பதையும் சொன்னது. இத்தகைய கதையில் ஒரு தகவல் பிழைத்தால் அது தடுப்பூசி முடிவைத் தொடும்.

ஆகவே, மருத்துவப் படக்கதையை மதிப்பிட உடற்கூறு அட்லஸ் மட்டும் போதாது. ஒரு காட்சியை நம்பி யார் எந்தச் சிகிச்சையை நாடுவார், யார் மறுப்பார் என்பதே முதல் அளவுகோலாக வேண்டும். அந்த அளவில், பினோகோவை மன்னித்து லோபாட்டமியை எதிர்த்த வாசகர்கள் விமர்சகர்களுக்கு முன்பே சரியாக மதிப்பிட்டிருந்தார்கள்.