ரீட்டாவின் மாத்திரையும் பெரியவர்களின் வரிசையும்

வகுப்பில் ஒரு நிமிடம் உட்காராத பிள்ளையை "வாலு" என்போம். அதே பிள்ளை வளர்ந்து, 35 வயதில் கட்டணம் கட்ட மறந்து, சாவியைத் தொலைத்து, மூன்றாவது வேலையையும் விட்டு நின்றால் அதற்குப் பெயர் சோம்பேறி! கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., பெரியவர்களுக்கும் உண்டு என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே பல பத்தாண்டுகள் ஆயின. ஒப்புக்கொண்ட பிறகாவது சிகிச்சை கைக்கு எட்டியதா? இங்கிலாந்தின் கதையைப் பார்த்தால் தெரியும். 1948 முதல் எல்லோருக்கும் அரசு மருத்துவம் தரும் நாடு அது. அங்கேயே இந்த நிலைமை என்பதுதான் விஷயம்.

கதை தொடங்குவதும் லண்டனில்தான். 1902ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் அங்கே மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லை, உடலில் நோயில்லை, ஆனாலும் மனதில் தோன்றியதை உடனே செய்துவிடும், தண்டித்தாலும் மாறாத 20 பிள்ளைகளை அதில் விவரித்தார். 15 பேர் பையன்கள், 5 பேர் பெண்கள். ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர் என்னவோ கடுமையானதுதான். ஆனால் நல்லபடி வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடமும் இதைப் பார்த்ததாக அவர் சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். வளர்ப்பைக் குறை சொல்லி முடித்துவிட முடியாதே!

மருந்து கிடைத்தது தற்செயலாக. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மனநல மருத்துவமனை இருந்தது. அங்கே மூளையைப் படம் பிடிக்க முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். அதன் பிறகு குழந்தைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். அந்தத் தலைவலிக்கு ஏதாவது செய்யலாமே என்று டாக்டர் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். அது ஆம்ஃபெட்டமின் வகை ஊக்க மருந்து. தலைவலி அப்படியே இருந்தது. ஆனால் ஆசிரியர்கள் வந்து, பிள்ளைகள் திடீரென்று படிக்கிறார்கள் என்றார்கள். 30 குழந்தைகளில் 14 பேரிடம் பள்ளிப் படிப்பில் பெரிய மாற்றம் தெரிந்ததாக 1937ல் பிராட்லி எழுதினார். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

அடுத்தது ரீட்டா. 1944ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா கம்பெனியின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பானிசான் மெத்தில்ஃபெனிடேட் என்ற பொருளைத் தயாரித்தார். அவருடைய மனைவி மார்கெரீட்டுக்கு ரத்த அழுத்தம் குறைவு. டென்னிஸ் ஆடப் போகும் முன் அவர் இதைப் போட்டுக்கொண்டு, ஆட்டம் நன்றாக வருகிறது என்றாராம். அவருடைய செல்லப் பெயர் ரீட்டா. மருந்துக்கு ரீட்டாலின் என்று பெயர் வந்தது அப்படித்தான். 1954ல் கடைக்கு வந்தபோது அது சோர்வு, மனத்தளர்ச்சி போன்றவற்றுக்காகப் பெரியவர்களுக்கு விற்கப்பட்ட மருந்து. பிள்ளைகளின் மருந்தாக மாறியது 1960களில். மாறியபின் அது பிள்ளைகளின் மருந்தாகவே ஒட்டிக்கொண்டது!

ஏன்? 1968ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு இதைக் குழந்தைப் பருவத்து மிகை இயக்கம் என்று குறித்தது. பருவ வயதில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னது. வளர்ந்தால் துள்ளிக் குதிப்பது குறைகிறது, உண்மைதான். ஆனால் மறதியும், ஆரம்பித்ததை முடிக்காததும், அவசரமும் பலருக்கு அப்படியே நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த ஓட்டம் நின்றவுடன் நோயும் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். 1976ல் யூட்டாவில் பால் வெண்டரும் சக மருத்துவர்களும் 15 பெரியவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் 11 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், வெறும் மாத்திரை இரண்டையும் எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்ததில் 8 பேருக்கு மருந்து நன்றாக வேலை செய்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் கதவைத் தட்டிய ஆய்வு.

பிரிட்டனில் அந்தக் கதவு இன்னும் மெதுவாகவே திறந்தது. அங்கே உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டைப் பின்பற்றினார்கள். அதில் கவனக்குறைவு, மிகை இயக்கம், அவசரம் மூன்றும் சேர்ந்து இருந்தாக வேண்டும். சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண்பிள்ளை அந்தக் கணக்கில் எப்படி வருவாள்? லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பெரியவர்களுக்கென்று ஒரு பிரிவு 1994ல் தொடங்கியது. மற்ற ஊர்களில் பெரும்பாலும், குழந்தைகள் பிரிவில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 18 வயது ஆனதும் போக இடமே கிடையாது. பிறந்தநாள் கேக்கோடு சிகிச்சையும் முடிந்துவிடும்!

2008 செப்டம்பரில்தான் நைஸ் எனப்படும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், பெரியவர்களுக்கும் இது உண்டு, சிகிச்சை தர வேண்டும் என்று எழுதியது. முதலில் தர வேண்டிய மருந்து மெத்தில்ஃபெனிடேட் என்றது. வேடிக்கை என்னவென்றால், பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.க்குத் தர அந்த மருந்துக்கு அப்போது அங்கே உரிமமே இல்லை. பெரியவர்களுக்காகப் பிறந்த மருந்து, பெரியவர்களுக்கு உரிமம் இல்லாத மருந்தாகிவிட்டிருந்தது.

இன்னொரு நிபந்தனையும் வழிகாட்டியில் இருந்தது. பயிற்சி பெற்ற நிபுணர்தான் நோயை உறுதிசெய்ய வேண்டும். குடும்ப மருத்துவர் செய்ய முடியாது. நியாயமான நிபந்தனைதான். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக் கொடுக்காது. மணிக்கணக்கில் பேசி, சிறு வயதிலேயே அறிகுறி இருந்ததா என்று பார்க்க வேண்டும் (2013ல் வந்த அமெரிக்கக் கையேட்டின்படி 12 வயதுக்கு முன்). பழைய பள்ளி ரிப்போர்ட் கேட்பார்கள், பெற்றோரிடம் விசாரிப்பார்கள். எதையும் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதவரிடம் முப்பது வருடத்து ரிப்போர்ட்! ஆனால் அத்தனை நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள்? விதி வந்தது, ஆட்கள் வரவில்லை. வரிசை நீண்டது.

பணம் புகுந்தது இங்கேதான். மாத்திரை விலை பெரிய தடை இல்லை. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு நோயாளி கட்டும் தொகை 2024 மே மாதம் 9.90 பவுண்டாக ஆனது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் கிடையாது. விலை அதிகம் உள்ளது, இவருக்கு ஏ.டி.எச்.டி. உண்டு என்று சொல்லும் அந்தக் காகிதத்துக்கு! வரிசையில் நிற்க முடியாதவர் தனியாரிடம் போனால் சில நூறு பவுண்டில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். காகிதம் கிடைத்தாலும் கதை முடியாது. மருந்தின் அளவு சரிப்பட்ட பிறகு மாதாமாதம் எழுதித் தரும் பொறுப்பைக் குடும்ப மருத்துவர் ஏற்க வேண்டும். அவர் ஏற்றே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தனியார் கொடுத்த காகிதம் என்றால் தயங்குகிறவர்கள் நிறைய. அவர் மறுத்தால் மருந்துக்கும் தனியார் விலைதான். பணம் தீர்ந்த மாதம் மாத்திரையும் தீரும்.

அரசுச் செலவில் தனியாரிடம் பார்த்துக்கொள்ளவும் இங்கிலாந்தில் ஒரு வழி உண்டு. எந்த மருத்துவமனை என்று நோயாளியே தேர்ந்தெடுக்கும் உரிமை 2014ல் மனநலத்துக்கும் வந்தது. குடும்ப மருத்துவரின் கடிதம் போதும், அரசோடு ஒப்பந்தம் உள்ள தனியாரிடமும் போகலாம். விஷயம் தெரிந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பிறகு அங்கேயும் வரிசை!

தனியாரைச் சந்தேகப்படுவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2023 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு நிருபர் மூன்று தனியார் மருத்துவ நிலையங்களிடம் வீடியோ அழைப்பில் பேசினார். மூன்றுமே உண்டு என்றன. அரசு மருத்துவ நிபுணர் ஒருவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் நேரில் பரிசோதித்து, இல்லை என்றார். அதன் பிறகு, உண்மையாகவே நோய் உள்ளவரின் காகிதமும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்பட்டது. அவசரமாகச் செய்த சோதனைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. கிடைக்காத மருந்துகளைப் புதிதாக யாருக்கும் ஆரம்பிக்க வேண்டாம் என்று நாடு முழுதும் எச்சரிக்கை போனது. வருடக்கணக்கில் காத்திருந்து அந்த மாதம் பார்த்து வரிசையின் முனைக்கு வந்தவர்களை நினைத்துப் பாருங்கள்...

2025ல் இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை முதல்முறையாகக் கணக்கு வெளியிட்டது. மார்ச் இறுதியில், பிள்ளைகளும் பெரியவர்களுமாக 5,49,000 பேர் வரை பரிசோதனைக்குக் காத்திருக்கலாம் என்றது அந்த மதிப்பீடு. முந்தைய ஆண்டு அது 4,16,000. அந்த ஜூனில் வந்த பணிக்குழுவின் இடைக்கால அறிக்கை, எல்லாவற்றையும் நிபுணரிடமே விட வேண்டாம், குடும்ப மருத்துவ மட்டத்திலும் செய்யலாம், காகிதம் வரும் முன்பே உதவியைத் தொடங்கலாம் என்று சொன்னது.

மருந்து கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் பொதுவாக ஒரு தடவைக்கு 30 நாளுக்கு மேல் எழுதித் தருவதில்லை. சீட்டு 28 நாள்தான் செல்லும். ஒவ்வொரு மாதமும், மறக்காமல், அவரே கேட்டு வாங்க வேண்டும்.