'டூ' போடணுமா, 'மேக்' போடணுமா? இங்கிலீஷில் நம்மை மாட்டிவிடும் 'பண்ணு'!

'ஐ டிட் எ மிஸ்டேக்.' இந்த வாக்கியத்தில் டென்ஸ் சரி, எழுவாய், பயனிலை எல்லாமே சரி. ஆனாலும் இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் காதுக்கு இது லேசா உறுத்தும். அவர் எதிர்பார்ப்பது 'ஐ மேட் எ மிஸ்டேக்'. கிராமர் புத்தகத்தை எத்தனை தடவை புரட்டினாலும் இதற்கு விதி கிடைக்காது. ஏன்னா, இது எந்தச் சொல் எந்தச் சொல்லோடு ஜோடி சேரும் என்ற விஷயம். மொழியியலில் இதற்குப் பெயர் 'கொலோகேஷன்'. 1950-களில் பிரிட்டன் மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபிர்த் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார்.

தமிழில் மட்டும் இது இல்லையா என்ன? மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். 'வெயில் பெய்யுது'ன்னு யாராவது சொன்னா சிரிச்சிடுவோம். ஏன் தப்புன்னு கேட்டா காரணம் சொல்லத் தெரியாது. வானிலைச் செய்தியில் தினமும் கேட்கிறோமே, 'கனமழை', 'பலத்த காற்று'. ஆங்கிலத்திலும் அப்படியே 'ஹெவி ரெயின்', 'ஸ்ட்ராங் விண்ட்'. 'கவனம் செலுத்து' என்பதும் 'பே அட்டென்ஷன்' என்று அச்சு அசலாகப் பொருந்தும். இப்படிப் பொருந்தும் இடங்களில் நமக்குச் சிக்கலே இல்லை.

வில்லன் 'பண்ணு'தான்

பேச்சுத் தமிழில் தப்பு பண்ணுவோம், முடிவு பண்ணுவோம், போன் பண்ணுவோம், ஹோம்வொர்க்கும் பண்ணுவோம். ஒரே வினைச்சொல் எல்லாத்துக்கும் போதும். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. 'மேக் எ மிஸ்டேக்', 'மேக் எ டிசிஷன்', 'மேக் எ கால்' ஒரு பக்கம். 'டூ ஹோம்வொர்க்', 'டூ பிசினஸ்', 'டூ மி எ ஃபேவர்' இன்னொரு பக்கம்.

ஒரு வேலையைச் செய்வது என்றால் 'டூ', செய்ததும் புதுசா ஒன்று உருவானால் 'மேக்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பெரும்பாலும்தான்! படுக்கையைச் சரிசெய்வது வீட்டு வேலைதான், ஆனா அது 'மேக் தி பெட்'.

அடுத்து, தமிழ் வினைச்சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு போவது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதற்காக 'ஈட் எ டேப்லெட்' இல்லை, 'டேக் எ டேப்லெட்'. கனவு கண்டால் 'ஐ ஹேட் எ ட்ரீம்', 'ஐ சா எ ட்ரீம்' அல்ல. லைட்டைப் போடச் சொல்ல 'ஸ்விட்ச் ஆன் தி லைட்'. சளி விஷயம்தான் வேடிக்கை. தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம்தான் போய் அதைப் பிடிக்கிறோம், 'கேட்ச் எ கோல்ட்'!

எல்லாமே தப்பு இல்ல

'டேக் எ டிசிஷன்' என்று சொன்னால் சிலர் உடனே திருத்த வருவார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதுவும் வழக்கில் உள்ளதுதான், பயப்பட வேண்டாம். 'ரைட் ஆன் எக்ஸாம்' இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். பிரிட்டன், அமெரிக்காவில் 'டேக் ஆன் எக்ஸாம்' என்பார்கள். ஆனால் அமெரிக்க கிளையன்ட்டிடம் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்று மட்டும் சொல்லாதீங்க. அந்த வருஷம் நீங்கள் மயங்கி விழுந்ததாக அவர் நினைத்துக்கொள்வார். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2022' பாதுகாப்பானது.

புதுச் சொல் ஒன்றைக் குறித்துவைக்கும்போது அர்த்தத்தை மட்டும் எழுதாமல், அதன் ஜோடியையும் சேர்த்து எழுதுங்க. இதற்கென்றே 2002-ல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு கொலோகேஷன்ஸ் அகராதி இருக்கிறது. அதில் பெயர்ச்சொல்லைத் தேடினால் அதோடு சேரும் வினைச்சொற்கள் கிடைக்கும். 'அப்பாயின்ட்மென்ட்' என்ற சொல்லோடு மேக், கேன்சல், மிஸ் எல்லாம் சேரும். உடனே உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் போட்டுப் பாருங்க: 'ஐ மேட் ஆன் அப்பாயின்ட்மென்ட் வித் தி டென்டிஸ்ட்.'